28 பல், 18 நகம், கடிபட்ட ஒரு ஜோடி செருப்பு! முயல் வீட்டுக்காரரே, உங்களுக்குத் தெரியுமா?

முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும்! வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். நிற்காது, ஓயாது! தேயாமல் மட்டும் இருந்தால் பத்து வருஷத்தில் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும்!

நம் விரல் நகம் மாதம் முழுக்க வளர்ந்தாலும் சுமார் 3 மில்லிமீட்டர்தான். முயல் பல்லுக்கு அது ஒரு வார வேலை!

முன்பல் மட்டும்தான் வளரும் என்று நினைத்தீர்களா? கடைவாய்ப் பல்லும் வளரும். மொத்தம் 28. அத்தனையும் வளரும்!

வேலூரிலிருந்து 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி உயிரியல் பூங்கா. 1967-இல் வந்தது. அங்கே புள்ளிமான் பார்த்திருப்பீர்கள். அதன் மேல்தாடையில் முன்பல் எத்தனை? பூஜ்யம்! மயிலுக்கு? பல்லே கிடையாது! உங்கள் வீட்டு முயலுக்கு? நான்கு!

'இரண்டுதானே தெரிகிறது?' என்பீர்கள். பெரிய பல்லுக்குப் பின்னால் குச்சி போல இன்னொரு ஜோடி ஒளிந்திருக்கிறது! முயலும் எலியும் வேறு வேறு என்று காட்டிக்கொடுத்த பற்கள் இவைதான். 1912 வரை முயலையும் எலிக் கூட்டத்தில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள்!

அணிலின் முன்பல் ஆரஞ்சு நிறம். முள்ளம்பன்றிக்கும் அப்படியே. பல்லின் எனாமலில் இரும்பு! முயல் பல்லில் அந்த இரும்பு இல்லை. அதனால்தான் பளீர் வெள்ளை! இரும்பு இல்லாமலேயே உங்கள் கதவு நிலையைச் செதுக்கிவிடும்!

முயல் ஒரு நிமிடத்தில் 120 தடவை மெல்லும்! நொடிக்கு இரண்டு!

அதுவும் நம்மைப் போல மேலும் கீழுமாக அல்ல. திருகை போலப் பக்கவாட்டில் அரைக்கும்! மேல்தாடை அகலம், கீழ்தாடை குறுகல். அதனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் மெல்ல முடியும்!

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். பிடித்துப் பார்த்துவிட்டேன். கால் நான்கு, நகம் 18! முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு!

திருக்குறளில் முயல் உண்டு. 772-ஆம் குறள்! ஆனால் வள்ளுவர் சொன்னது காட்டு முயல். உங்கள் வீட்டுக் கூண்டில் இருப்பது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து வம்சம். காட்டு முயலுக்குக் குரோமோசோம் 48, வீட்டு முயலுக்கு 44. இரண்டுக்கும் குட்டியே பிறக்காது!

அமிர்தி காட்டோரம் கண் திறந்த, முடி முளைத்த குட்டி முயல் கிடந்தால் எடுத்து வராதீர்கள்! அது அநாதை அல்ல. காட்டு முயல் பிறக்கும்போதே அப்படித்தான் இருக்கும். தாய் தள்ளியே இருக்கும், பால் கொடுக்க மட்டும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். தூக்கி வந்து வளர்த்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும்!

வீட்டு முயல்குட்டியோ பிறக்கும்போது கண்ணும் திறந்திருக்காது, உடம்பில் முடியும் இருக்காது. தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும். மூன்று, நான்கு நிமிடம். அவ்வளவுதான்!

சரி, முயல் ஏன் எதைப் பார்த்தாலும் கடிக்கிறது? வளைக்குள் வாழ்கிற சாதி. வளையில் குறுக்கே வேர் நீட்டினால் வெட்டித் தள்ளவேண்டும். உங்கள் செல்போன் சார்ஜர் வயர் அதன் கண்ணுக்கு ஒரு வேர்!

கண்ணுக்கு என்றேனே, அதிலும் ஒரு வேடிக்கை! முயல் தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட 360 டிகிரியும் பார்க்கும். ஆனால் மூக்குக்கு நேர் கீழே இருப்பது மட்டும் தெரியாது! கடிக்கிற பொருளைப் பார்க்காமலே கடிக்கிறது. உதடும் மீசையும்தான் வழிகாட்டி!

நாக்கில் சுவை மொட்டுகள் 17,000! நமக்கு 10,000 கூட இல்லை!

இனி ஆம்பூருக்கு வாருங்கள். இப்போது திருப்பத்தூர் மாவட்டம். 2019 வரை வேலூர் மாவட்டம். ஷூ கம்பெனியில் வெட்டிய தோல் மூட்டையாகத் தெருவுக்கு வரும். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஊசியும் கையுமாக ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைப்பார்கள். அந்த ஷூ கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும். அதே திண்ணையில் முயலும் ஓடினால்? தோல் துண்டு, நைலான் நூல், ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா. மூன்றும் அதன் மூக்கு உயரத்தில்!

நூல்தான் படுமோசம்! முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. ஒரு முழ நூல் உள்ளே போனால் வந்த வழியில் திரும்பாது. குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சைதான்!

தோல் பதனிடுகிற தோல்ஷாப் பக்கம் போயிருக்கிறீர்களா? வெளிர் நீலத்தில் ஈரமாகத் தோல் அடுக்கியிருக்கும். பெயரே வெட் ப்ளூ! அந்த நீலம் சாயம் அல்ல, குரோமியம்! உலகத் தோலில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தக் குரோம் வழியில்தான் பதனிடப்படுகிறது!

அந்தக் குரோமியம் சிலநேரம் ஆறாம் நிலைக்கு மாறும். அப்போது அது விஷம்! உடம்பில் படுகிற தோல் பொருள் ஐரோப்பாவுக்குள் நுழைய வேண்டுமானால் ஒரு கிலோ தோலில் அது 3 மில்லிகிராமைக்கூடத் தொடக்கூடாது. 2015 மே 1 முதல் சட்டம்! காலில் போடுவதற்கே இவ்வளவு கெடுபிடி. உங்கள் முயல் அதைத் தின்கிறது! எனக்குப் பதறுகிறது. வீட்டில் தைக்கிற வேலை இருந்தால் மூடி போட்ட டிரம் ஒன்று வாங்குங்கள். வெட்டுத் துண்டு, நூல், பசை எல்லாம் அதற்குள். முயல் வெளியே வருகிற நேரத்தில் டிரம் மூடியே இருக்கட்டும்!

நாய்க்குத் தோலில் செய்த எலும்பு விற்கிறார்களே, அதை முயலுக்கு? வேண்டவே வேண்டாம்! முயல் முழுக்க முழுக்கச் சைவம்!

தோல் ஆலைக் கழிவு முயலை மட்டுமா கெடுக்கும்? ஆற்றையும்தான்! 1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 'கெடுத்தவனே செலவு கொடு' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழமாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். பாலாற்றங்கரை வழக்கு! அன்றைக்கு ஒவ்வொரு தோல் ஆலைக்கும் அபராதம் 10,000 ரூபாய்!

குரோமுக்கு முன்னால் என்ன? ஆவாரம் பட்டை! நம் ஊர் மஞ்சள் பூ ஆவாரைதான். கடுக்காயும் சேரும். பட்டையில் ஊறத் தோலுக்கு வாரக்கணக்கு, குரோமுக்கு ஒரே நாள்! ஆவாரைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே தோல் பதனிடுவோரின் செடி என்ற பொருளில்தான்!

தோல்ஷாப்பும் பட்டையைத் தேடியது, முயலும் பட்டையைத் தேடுகிறது! காட்டில் புல் காய்ந்த காலத்தில் முயல் மரப்பட்டையை உரித்துத் தின்னும். உங்கள் வீட்டு மர நாற்காலியும் அதற்கு மரம்தானே!

சரி, எந்தக் குச்சி கொடுக்கலாம்? மல்பெரி! பட்டுப்புழு தின்கிற அதே செடி. மருந்து அடிக்காததாகப் பார்த்து, இலையோடு கொடுங்கள். இலை காலி, பட்டை காலி, வெள்ளைக் குச்சி மட்டும் மிச்சம்!

செம்பருத்தி! இலையும் தின்னும், பூவும் தின்னும், குச்சியும் கடிக்கும். ஒரே செடியில் மூன்று பலகாரம்!

வார்னிஷ் அடிக்காத மூங்கில் கூடை! சாயம் ஏற்றாத பனையோலைப் பெட்டி! ஓலைப் பெட்டிக்குள் புல்லைத் திணித்துக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு முயல் ஒரு பெட்டியைப் பிரித்து முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் சோபாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

ஆனால் பொம்மையை விடப் பெரிய ரகசியம் ஒன்று இருக்கிறது. புல்லுக்குள் மணல் இருக்கிறது! நிஜமாகவே! புல் தண்டுக்குள் பொடிப் பொடியாகச் சிலிக்கா. மணலும் சிலிக்காதான். கடைவாய்ப் பல்லைத் தேய்க்கிற அரம் அதுதான்! மரக்கட்டையைக் கடித்தால் முன்பல்லுக்கு வேலை. உள்ளே இருக்கிற 22 பல்லுக்குப் புல்தான் வேலை கொடுக்கும்!

எவ்வளவு புல்? தினமும் அதன் உடம்பு அளவுக்கு ஒரு கட்டு! சாப்பாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லாக இருக்கவேண்டும். அருகம்புல், காய்ந்த புல், கம்பு நேப்பியர். கொஞ்சம் வேலிமசால். எந்நேரமும் வாய்க்கு எட்டுகிற இடத்தில்! புல் குறைந்த வீட்டில்தான் கதவு குறையும்!

வேலிமசாலுக்கு அண்ணன் மாதிரி இருக்கிற சூபாபுல்லை அள்ளிப் போடாதீர்கள். அதில் மிமோசின் என்று ஒன்று உண்டு. அதிகமானால் முயலின் முடி கொட்டும்!

கேரட்? அய்யோ, அது மிட்டாய்! சர்க்கரை அதிகம். முயலையும் கேரட்டையும் ஜோடி சேர்த்தது கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னி. 1940-இல் வந்தது. அதன் கேரட் கடிக்கும் பாணி எங்கிருந்து வந்தது? 1934-இல் வந்த படத்தில் ஹாலிவுட் நடிகர் கிளார்க் கேபிள் கேரட் கடித்துக்கொண்டே பேசிய காட்சியிலிருந்து! ஒரு நடிகரைப் பார்த்து உலகமே முயலுக்குக் கேரட் கொடுக்கிறது!

ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு நற்செய்தி! முயலுக்குப் பிடித்த பொம்மை உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. ஷூ வந்த அட்டைப்பெட்டி! இரண்டு பக்கம் ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் வளை ரெடி. செலவு பூஜ்யம்!

ஆனால் பெட்டிக்குள் குட்டிப் பொட்டலம் ஒன்று கிடக்குமே! ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். முதலில் அதை எடுத்துவிடுங்கள். நீல நிற மணி என்றால் இன்னும் உஷார். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு. விஷம்! டேப்பைப் பிரியுங்கள், பின்னைப் பிடுங்குங்கள், பளபளப்புத் தாளை உரியுங்கள். பிறகு முயலிடம் கொடுங்கள்!

வயர் விஷயத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் வீட்டில் 230! அங்கே எழுதின முயல் புத்தகத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஜாக்கிரதை வேண்டும்!

'ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகிற சுவிட்ச் போட்டிருக்கிறோமே!' என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அது மின்சாரம் தரைக்குக் கசிந்தால்தான் ட்ரிப் ஆகும். 30 மில்லி ஆம்பியர்! முயல் இரண்டு கம்பியையும் ஒரே வாயில் சேர்த்துக் கடித்தால் கசிவே இருக்காது. அந்த சுவிட்ச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்!

எலக்ட்ரீஷியனிடம் கேசிங் கேப்பிங் பட்டி கேளுங்கள். சுவரோரம் அடித்து வயரை அதற்குள் மூடிவிடலாம். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் வயருக்கு பிவிசி பைப். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி, வயரை உள்ளே திணித்தாலும் சரி. பல் குழாயைக் கடிக்கும், செம்பைத் தொடாது!

வயரைக் கடித்துவிட்டதா? முயலைத் தொடாதீர்கள்! முதலில் மெயினை அணையுங்கள்! பிறகு அது சும்மா துள்ளி ஓடினாலும் டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும்!

முயலின் உற்சாக நேரம் எது தெரியுமா? விடியற்காலையும் அந்தியும்! நீங்கள் தூங்கும்போது ஒரு ரவுண்டு, டீ குடிக்கும்போது ஒரு ரவுண்டு. பகல் முழுக்கச் சாது!

உங்கள் கதவுக்குப் பெயிண்ட் எப்போது அடித்தீர்கள்? 2017 நவம்பருக்கு முன்னால் என்றால் கவனம்! அதற்குப் பிறகுதான் வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டித் தின்ற முயலுக்குக் காரீய விஷம் ஏறும். நாற்காலிக் கால், நிலைக் கால் எல்லாவற்றுக்கும் பிவிசி பைப்பைப் பிளந்து உறை போட்டுவிடுங்கள்!

பிளைவுட்? அடுக்குக்கு அடுக்கு பசை! கொடுக்காதீர்கள்.

நெடுஞ்சாலை நடுத்திட்டில் வரிசையாகப் பூத்து நிற்கிறதே அரளி! இலை, பூ, குச்சி எல்லாமே விஷம். இதயத்தை நிறுத்தும் விஷம்! காய்ந்த பிறகும் விஷம்! சாமிக்குக் கட்டிய அரளி மாலை கீழே விழுந்தால் உடனே எடுங்கள்!

ஜவ்வாது மலைப் பக்கம் போனால் குட்டிக் குட்டியாகப் பல நிறத்தில் பூத்திருக்கும் உண்ணிச்செடி. அழகு! ஈரலுக்கு எமன்! ஆடு மாடும் சாகும், முயலும் சாகும். புல் அறுக்கும்போது ஒரு கொத்துக்கூடக் கலந்துவிடக் கூடாது!

வேலூர் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்க்கு ஒரு சபாஷ்! ஆனால் அதன் இலையும் தண்டும் முயலுக்கு ஆகாது. தக்காளி இலை, உருளைக்கிழங்கு முளை, வெங்காயம், பூண்டு எதுவும் ஆகாது!

வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். முயலுக்கு 30 தாண்டினாலே திண்டாட்டம். வியர்க்காது. சூட்டை வெளியேற்றுவது அந்த நீளக் காதுதான்! வெயிலில் வாடினால் சாப்பாட்டை நிறுத்தும். கடப்பாக் கல் ஒன்று, துணி சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்று கூண்டுக்குள் போடுங்கள். நம் ஊரில் முயல் ஆராய்ச்சி எங்கே நடக்கிறது பாருங்கள். கொடைக்கானல் மன்னவனூர், நீலகிரி சாண்டிநல்லா. இரண்டும் குளிர் மலை!

முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னவில்லையா? அது அவசர சிகிச்சைக்குரிய நோய்! நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். குடல் நின்றுபோகும்!

முயல் ஒரு நாளைக்கு 200 முதல் 300 புழுக்கை போடும்! எண்ண வேண்டாம், பார்த்தால் போதும். சின்னதாகிறதா, குறைகிறதா? பல்லில் ஏதோ கோளாறு இருக்கலாம். தாடை ஈரமாக இருந்தாலும் அப்படியே. உதட்டை மெல்லத் தூக்கி வாரம் ஒரு தடவை முன்பல்லைப் பாருங்கள். ஐந்து விநாடி வேலை!

பல் நீண்டுவிட்டால் நகவெட்டியால் நறுக்காதீர்கள்! பல் நீளவாக்கில் பிளந்து வேர் வரை போகும். கால்நடை மருத்துவர் சுழலும் கருவியால் தேய்த்துவிடுவார். முகம் உருண்டையான குட்டை இன முயலுக்கு இந்தத் தொல்லை அதிகம். அழகுக்குக் கொடுக்கிற விலை!

கடித்ததற்காக அடிக்காதீர்கள்! முயலின் எலும்புக்கூடு உடம்பு எடையில் 8 சதவீதம்கூட வராது. பூனைக்கு 12-க்கு மேல்! பயந்து உதைத்தால் அந்த உதையிலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது. ஒரு கை மார்பில், ஒரு கை பின்புறத்தில்!

கடிக்கும்போது கை தட்டுங்கள். வாயில் இருப்பதை எடுத்துவிட்டு உடனே ஒரு மல்பெரிக் குச்சியைக் கொடுங்கள். தினமும், ஒவ்வொரு தடவையும்! மூன்று, நான்கு மாதக் குட்டிகள்தான் அதிகம் கடிக்கும். மனிதக் கணக்கில் அது விடலைப் பருவம்! கருத்தடை செய்தால் பல முயல்கள் அடங்கிவிடும்!

1859-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் வேட்டைக்காக சுமார் 24 முயல்களை அவிழ்த்துவிட்டார். 1920-களில் எண்ணிக்கை? ஆயிரம் கோடி என்கிறார்கள்! தடுக்க வேலி போட்டார்கள். 1907-இல் முடிந்த அந்த வேலிகளின் நீளம் 3,256 கிலோமீட்டர். காஷ்மீரிலிருந்து குமரி வரை இந்தியாவே 3,214 கிலோமீட்டர்தான்! முயல் அதையும் தாண்டிப் போய்விட்டது. உங்கள் வீட்டுச் சமையலறைத் தடுப்பு இரண்டரை அடி!

நன்றாகக் கவனித்து வளர்த்தால் வீட்டு முயல் 8 முதல் 12 வருஷம் இருக்கும். கின்னஸ் முயல் ஒன்று டாஸ்மேனியாவில் இருந்தது. பெயர் ஃப்ளாப்ஸி. 1964-இல் பிடித்து வந்தார்கள். வாழ்ந்தது 18 வருஷம், 10 மாதத்துக்கு மேல்!

முயல் பேசுவது பல்லால்தான்! வலித்தால் சத்தமாக நறநறவென்று கடிக்கும். சந்தோஷம் என்றால்? நெற்றியில் தடவிக் கொடுத்துப் பாருங்கள். மெல்லிசாக, ஓலை உரசுவது போல டிக் டிக் டிக். காதை அதன் தாடையோரம் வைத்தால்தான் கேட்கும். பூனை கரகரப்பது மாதிரி இது! நேற்று ராத்திரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தடவினேன். நிறுத்தாமல் 11 நிமிடம்!